உள்ளேன்னு ஒண்ணு இல்லாத வீடு

டேப்பை மடிச்சுப் பையில வைங்க மேஸ்திரி. முதல்ல உட்காருங்க. மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, அதுவும் இந்தக் காலத்துப் படியில்ல, ஒவ்வொண்ணும் முழங்கால் உசரம். தண்ணி குடிங்க. மோர் இருக்கு, வேணும்னா கரைச்சுத் தரேன். என்ன வேணும்னாலும் கேளுங்க, தரேன். அளக்க மட்டும் விடமாட்டேன்.

எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். என் பொண்ணு சாருலதா வரச் சொல்லியிருக்கா. அந்த மூணாவது தூண்ல இருந்து கடைசி ஜன்னல் வரைக்கும் ஒரு தடுப்பு, நடுவுல ஒரு கதவு. அதானே? என்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனா. வாயால இல்ல, எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டுப் போனா. 'மேஸ்திரி பதினோரு மணிக்கு வருவார். அளக்க விடு. இல்லேன்னா ஒண்ணாந்தேதி நான் ஹாஸ்டலுக்குப் போறேன்.' இன்னிக்குத் தேதி இருபத்தேழு. மிரட்டறாளாம். முப்பத்திநாலு வருஷம் கார்ப்பரேஷன் ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்தவ நான். மனோரஞ்சிதம் டீச்சர்னா வராண்டாவுல ஓடற பையன் அப்படியே நிப்பான். நான் பெத்தது எனக்கு நோட்டீஸ் ஒட்டுது.

ஒரு தடவை அண்ணாந்து பாருங்க மேஸ்திரி. பதினெட்டு அடி. செங்கல்லை வளைச்சு வளைச்சுக் கட்டின கூரை, ஒரு இடத்துல விரிசல் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துல மிளகுக் கிடங்கு இது. கப்பலுக்குப் போற மூட்டையெல்லாம் இங்கதான் அடுக்குவாங்களாம். இப்பவும் மழை பெய்ஞ்சு ஈரம் ஏறினா தரையில இருந்து மிளகு வாசம் வரும். நான் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. மூக்கு இருக்கறவங்க வந்து பார்த்துக்கட்டும்.

ரொம்ப வருஷம் பூட்டியே கிடந்தது. அப்புறம் ஒருத்தர் வாங்கி, இடிக்காம, சுத்தம் பண்ணி, மாடிக்கு ரெண்டு வீடா பிரிச்சு வித்தார். இதுக்கு லாஃப்ட் வீடுன்னு பேராம். என் நாத்தனார் கேட்டா, 'ஏன் அண்ணி, ஓய்வு பெற்ற வயசுல பரண் மேலயா குடியிருக்கப் போறீங்க, ஓட்டை அண்டா கூட?' அவளுக்கு லாஃப்ட்னா அண்டா வைக்கிற பரண்தான். நான் பெரம்பூர் வீட்டை வித்துட்டு வந்து இதை வாங்கினேன். எல்லாரும் சிரிச்சாங்க. பில்டர் ஆபீஸ்ல அந்தப் பொண்ணு வரைபடத்தைக் காட்டி, 'மேடம், விருப்பம்னா ரெண்டு ரூமா தடுத்துக்கலாம்'னா. நான் சொன்னேன், 'தடுக்கறதா இருந்தா நான் பெரம்பூர்லயே இருந்திருப்பேனேம்மா.'

பாத்ரூமா? பாத்ரூமுக்குக் கதவு இருக்கு. நல்ல கேள்வி கேட்டீங்க போங்க. மனுஷங்கதானே நாங்களும்.

ஆனா அது ஒண்ணுதான். இங்க சமையல், அங்க சாப்பாடு, அந்த மூலையில என் கட்டில், எதிர் மூலையில அவ கட்டில். எங்க நின்னாலும் எல்லாம் தெரியும். ஒளிவு மறைவே கிடையாது. அவ எத்தனை மணிக்குத் தூங்கறா, எப்ப புரண்டு படுக்கறா, சாப்பிட்டாளா, அழுதாளா, எல்லாம் தெரியும். ஒரு தாய்க்கு வேற என்ன வேணும்?

இன்னொரு விசேஷம் இருக்கு. சுவருக்கும் காது உண்டும்பாங்க. இங்க சுவரே இல்ல, ஆனா கூரைக்கு இருக்கு. அந்த வளைவுக்கு அடியில நின்னு யாராவது முணுமுணுத்தா, இந்த வளைவுக்கு அடியில உட்கார்ந்திருக்கற எனக்குக் காதுல வந்து சொன்ன மாதிரி கேக்கும். நாப்பது அடி தூரம். நடுவுல இருக்கறவங்களுக்குக் கேக்காது. நான் உட்கார்ற நாற்காலிக்கு மட்டும் கேக்கும். நான் வேணும்னு அங்க போடல. காத்து வர்ற இடம், அதனால போட்டேன்.

சாருவுக்கு முப்பத்தொண்ணு ஆச்சு. போன வருஷம் முதல்ல ஒரு இடம் வந்தது, திருவள்ளூர்ப் பக்கம். எட்டு பேர் வந்து உட்கார்ந்தாங்க. இவளும் எங்க கூடவே சோபாவுல உட்கார்ந்திருக்கா. பையனோட பெரியம்மா காபியைக் குடிச்சு முடிச்சுட்டு, 'சரி, பொண்ணை உள்ளே இருந்து கூட்டிட்டு வாங்களேன்'னாங்க. பொண்ணு எதிர்லயே உட்கார்ந்திருக்கு. காபி கொடுத்ததே அவதான். 'இதாங்க பொண்ணு'ன்னேன். 'அது தெரியுது. இருந்தாலும் உள்ளே போயிட்டு வந்தா ஒரு முறைக்கு நல்லா இருக்கும்'னாங்க. 'எங்க வீட்ல உள்ளேன்னு ஒண்ணு கிடையாது'ன்னேன். அந்தம்மா சுத்தி முத்திப் பார்த்துட்டு, 'அப்ப அந்த பாத்ரூம்ல இருந்தாவது வரட்டும்'னுச்சு.

சிரிக்காதீங்க மேஸ்திரி. எனக்கு அன்னிக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. என் பொண்ணு எம்.காம். படிச்சவ, கப்பல் ஏஜென்சியில பதினஞ்சு பேருக்கு மேலதிகாரியா உட்கார்ந்திருக்கறவ. பாத்ரூம்ல இருந்து தலை குனிஞ்சு வரணுமா? சரி, பொறுத்துக்கிட்டேன். அப்புறம் 'நாங்க கொஞ்சம் கலந்து பேசிக்கறோம்'னு எந்திரிச்சு அந்த ஜன்னல்கிட்டப் போய்க் கூடி நின்னாங்க. எங்க நின்னாங்க? சரியா அந்த வளைவுக்கு அடியில. பெரியம்மா சொல்றா, 'பொண்ணு தங்கமா இருக்கு. அம்மாதான் வாய். அந்த வாய்க்கு நம்ம வீடு தாங்காது.'

நான் உட்கார்ந்த இடத்துல இருந்தே சொன்னேன், 'இந்த வாய்தாங்க முப்பத்திநாலு வருஷம் சோறு போட்டது. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்.' எட்டு பேரும் திரும்பிப் பார்த்தாங்க. பேய் பிடிச்ச மாதிரி முழிச்சாங்க. அஞ்சு நிமிஷத்துல செருப்பு மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. போகட்டுமே. நல்லவேளை, முன்கூட்டியே தெரிஞ்சது. சுவர் இருந்திருந்தா அந்தப் பேச்சு எனக்குக் கேட்டிருக்குமா? சொல்லுங்க.

அடுத்து வந்தது மதிவாணன். அந்தப் பையனைப் பத்தி நான் குறை சொல்லமாட்டேன். துறைமுகத்துல வேலை, அடக்கமான பையன். அம்மா அப்பா ரெண்டு பேரும் இல்ல, அக்காவும் அத்தானும்தான் கூட்டிட்டு வந்தாங்க. உள்ளே இருந்து வரச் சொல்லல, பாடச் சொல்லல. அத்தான் மட்டும், 'ரெண்டு பேரும் ஒரு பத்து நிமிஷம் தனியா பேசட்டும்'னார். இப்பல்லாம் அதுதானே வழக்கம். எல்லா வீட்லயும் மொட்டை மாடிக்கு அனுப்புவாங்க. இங்க மொட்டை மாடிக்குப் போற கதவு பூட்டியிருந்தது. அதனால ஜன்னல்கிட்டப் போனாங்க. நான் என் நாற்காலியில உட்கார்ந்தேன். என் வீடு, என் நாற்காலி.

அவன் கேட்டான், 'கல்யாணத்துக்கு அப்புறம் உங்க அம்மா தனியா இருந்துப்பாங்களா?' இவ சொன்னா, 'இருக்கமாட்டாங்க. நானும் விட்டுட்டு வரமாட்டேன்.' எனக்கு அப்படியே மனசு குளிர்ந்து போச்சு. அவன் சொன்னான், 'எனக்கு வீடுன்னு யாரும் காத்துக்கிட்டு இல்லீங்க. நீங்க சரின்னா நானே இங்க வந்து இருந்துக்கறேன்.' இந்தக் காலத்துல எந்தப் பையன் சொல்லுவான்? நான் அக்காகாரிக்கு இன்னொரு ஜாங்கிரி வைக்கலாம்னு எந்திரிக்கறேன். அப்பத்தான் இவ சொன்னா.

'வாங்க. ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கதவு வேணும். மூடிக்கிட்டு உட்கார ஒரே ஒரு கதவு. இந்த வீட்ல மூச்சு விடறது கூட அம்மாவுக்குக் கேக்குது.'

எப்படி இருக்கும் எனக்கு? நேத்து வந்தவன்கிட்ட, பெத்தவளைப் பத்தி இப்படிப் பேச்சு. கிளாஸ்ல கடைசி பெஞ்சுக்குப் பேசற குரல் எனக்கு, அது என் தப்பு இல்ல. 'கதவு வேணும்னா வாசல்ல ஒண்ணு இருக்கு, ரெண்டு பேரும் அது வழியாப் போங்க'ன்னேன். அவ்வளவுதான். அக்காகாரி ஜாங்கிரியை அப்படியே தட்டுல வெச்சுட்டா. மதிவாணன் மட்டும் கிளம்பும்போது, 'வரேங்கம்மா'ன்னு என்கிட்டச் சொல்லிட்டுப் போனான். சாரு அவனை மாடிப்படி வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்தா. வந்து ஜாங்கிரியை எல்லாம் டப்பாவுல எடுத்து வெச்சா.

இது நடந்து நாலு மாசம் ஆகுது. அன்னிலேருந்து அவ ரொம்ப அமைதியாயிட்டா. பக்குவம் வந்துடுச்சுன்னு நினைச்சேன். போன் வந்தா எடுத்துக்கிட்டு வெளியே போயிடறா. கீழே ரெண்டாவது மாடித் திருப்பத்துல படியில உட்கார்ந்து பேசறா. அங்க விளக்கு கூடக் கிடையாது, கொசு பிடுங்கித் தின்னுது. எதுத்த வீட்டு பாய் சம்சாரம் ஜமீலா பார்த்துட்டு என்கிட்டச் சொன்னாங்க, 'டீச்சர், பொண்ணு படியில உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்கே, வீட்ல என்ன இடமா இல்ல?' இவ்ளோ பெரிய வீட்டை வெச்சுக்கிட்டு எனக்கு இந்தக் கேள்வி. 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற டீச்சர்'னு ஒரு பழமொழி வேற. எனக்கே பாடம்.

இப்ப நீங்க வந்து நிக்கறீங்க. இதுக்குப் பின்னால மதிவாணன் இருக்கான்னு எனக்குத் தெரியாதா? தடுப்பு வந்தா அவன் வருவான். தடுப்பு வரலேன்னா இவ போவா. போகட்டும் மேஸ்திரி. நாலு பேர் படுக்கற ஹாஸ்டல் ரூம்ல, ஊறவெச்ச பக்கெட்டுக்கு நடுவுல கதவை மூடிக்கிட்டு உட்காரட்டும். பத்து நாள் தாங்கமாட்டா. நான் தாங்குவேன். நான் எல்லாம் தாங்கினவ.

என்ன? இன்னொரு தடவை சொல்லுங்க.

தாழ்ப்பாளா? எந்தத் தாழ்ப்பாள்?

போனைக் கொடுங்க, சாரு உங்களுக்கு அனுப்பினதை நானே படிக்கறேன். இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். '...கதவு மூணு அடி. வெளிப்பக்கம் கைப்பிடி. உள்பக்கம் தாழ்ப்பாள், கொக்கி, பூட்டு எதுவும் வேண்டாம். அம்மா தள்ளினா திறக்கணும்.'

இருபது வருஷமா கதவு போடறீங்க, புதுசாக் கல்யாணம் ஆகப் போறவங்க தாழ்ப்பாள் வேண்டாம்னு சொல்லி நீங்க கேட்டதே இல்லையா? கேட்டிருக்கமாட்டீங்க. இது வேற யார் வீட்லயும் நடந்திருக்காது.

மோர் கொண்டு வரேன். இல்ல, உட்காருங்க. அளக்க வேண்டாம்னுதான் இப்பவும் சொல்றேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க வெளி ஆள், சொல்லலாம்.

பெரம்பூர் வீட்ல பின்பக்கம் ஒரு ரூம். சாரு அப்பா ரூம். ரயில்வேயில வேலை அவருக்கு. என் தம்பி கல்யாணம், சாருவுக்கு அப்ப பன்னிரண்டு வயசு. மண்டபத்துல முதல் பந்தி. வீட்டு மாப்பிள்ளையைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் முதல் இலையில உட்கார வைக்கணும், அதுதானே மரியாதை? எங்க வீட்டுக்காரங்க யாரும் கூப்பிடல. அவசரம், மறந்துட்டாங்க. இவர் கை கழுவிட்டு வந்து நிக்கறார், இலை எல்லாம் நிறைஞ்சு போச்சு. அந்தக் கோடியில நின்னு பாயசம் ஊத்திக்கிட்டு இருந்த நான் பார்த்தேன். பார்த்துட்டு, 'ஏன் நிக்கறீங்க, அடுத்த பந்தியில உட்காருங்களேன், அதுக்குள்ள உயிரா போயிடும்'னேன். பந்தி முழுக்கச் சிரிச்சுது. விளையாட்டாச் சொன்னதுதான். நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?

சாப்பிடாம வீட்டுக்குப் போயிட்டார். போனவர் அந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினார். ஒன்பது வருஷம் மேஸ்திரி. வேலைக்குப் போவார், வருவார், சம்பளத்தை சாமி படத்துக்கிட்ட வைப்பார். என்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டார். வந்ததும் ரூம், கதவு. நான் ரெண்டு வேளையும் தட்டுல சோறு போட்டு, கதவுக்குக் கீழே வெச்சு, ரெண்டு தட்டு தட்டுவேன். தட்டிட்டு வந்துடுவேன். நின்னு கெஞ்சினதே கிடையாது. எனக்கும் மானம் இருக்கு இல்ல? தப்பு பண்ணாதவ எதுக்கு நிக்கணும்? கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா தட்டு உள்ளே போயிருக்கும். ஒன்பது வருஷமும் அப்படித்தான்.

ஒரு நாள் காலையில வெச்ச தட்டு மத்தியானம் வரைக்கும் அப்படியே இருந்தது. கதவை உடைக்கணும்னு பக்கத்து வீட்டு டேவிட்டைக் கடப்பாரையோட கூட்டிட்டு வந்தேன். அவர் கடப்பாரையைச் சொருக இடம் பார்த்துக் கதவு மேல கை வெச்சார். திறந்துக்கிச்சு.

உள்ளே தாழ்ப்பாளே இல்ல. ஆணி அடிச்ச ரெண்டு ஓட்டை மட்டும் இருந்தது, அதுவும் பெயின்ட் அடிச்சு மூடியிருந்தது. எந்தக் காலத்துலயோ கழண்டு விழுந்தது. ஒன்பது வருஷமும் சும்மா சாத்தித்தான் வெச்சிருந்திருக்கார். நான் தள்ளிப் பார்த்ததே இல்ல.

காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு சாருகிட்டக் கேட்டேன். அவளுக்குத் தெரியுமாம். தினம் சாயங்காலம், நான் டியூஷன் எடுக்கப் போற நேரத்துல, கதவைத் தள்ளிக்கிட்டுப் போய் அப்பாகூட கேரம் ஆடியிருக்கா. ஒன்பது வருஷம். 'ஏன்டி என்கிட்டச் சொல்லல'ன்னேன். 'உனக்குத் தெரியும்னு நினைச்சேன்மா. தெரிஞ்சேதான் தள்ளலைன்னு நினைச்சேன்'னா.

அதுக்கப்புறம்தான் இந்த வீடு வாங்கினேன். கதவே இல்லேன்னா இந்த வம்பே இல்ல பாருங்க. கதவு இருந்தாத்தானே தள்ளினியா தள்ளலையான்னு ஒரு கேள்வி.

அவ இப்ப தாழ்ப்பாள் வேண்டாம்னு எழுதியிருக்கா. அம்மா தள்ளினா திறக்கணுமாம். முப்பத்தொரு வயசுப் பொண்ணு, நாளைக்குக் கல்யாணம் ஆகப் போறவ, எனக்காக உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லாத ரூம் கேக்கறா. என் மேல இரக்கப்படறா மேஸ்திரி. என் கண்ணு கலங்கினா கலங்கட்டும், நீங்க மோரைக் குடிங்க. யார் இரக்கமும் எனக்கு வேண்டாம். நான் பெத்த பொண்ணோட இரக்கமும் வேண்டாம்.

சரி, எழுதிக்கோங்க. அவ சொன்னதை அடிச்சுட்டு நான் சொல்றதை எழுதுங்க. தடுப்பு போடுங்க. எனக்குப் பிடிக்கல, பிடிக்காமத்தான் போடச் சொல்றேன். கூரை வரைக்கும் போடுங்க, பேச்சு கேக்காத மாதிரி என்னமோ பஞ்சு வெப்பீங்களாமே, அதையும் வைங்க. கதவு நல்ல தேக்குல இருக்கட்டும். உள்பக்கம் தாழ்ப்பாள் கண்டிப்பா வேணும். பித்தளையில, விரல் மொத்தத்துக்கு, போட்டா சத்தம் கேக்கற மாதிரி. அவ கேட்டா, அம்மா சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க.

நான் தள்ளப் போறதில்ல. தள்ளி யாருக்கு வேணும்? அவ உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கட்டும், போடற சத்தத்தை நான் கேக்கறேன். அப்புறம் போய்த் தட்டுவேன். தட்டிட்டு இந்தத் தடவை திரும்பி வரமாட்டேன். அவ எழுந்து வந்து திறக்கிற வரைக்கும் அங்கேயே நிப்பேன்.